வெடிப்பின் மேல் போட்ட கோலம்

அக்கா பிரதேச சபைத் தலைவியாகப் பதவி ஏற்ற நாளில் அவள் கால்கள் தரையில் படவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நாற்காலி அப்படி. அதுவரை அதில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் நெடுநெடுவென்று வளர்ந்த ஆண்கள். காணிக்காரர்கள், லொறி முதலாளிகள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த ஒருத்தி அங்கே வந்து உட்காருவாள் என்று அந்த நாற்காலியைச் செய்த தச்சன் நினைத்திருக்க மாட்டான். செருப்பு முனை அந்தரத்தில் ஆடியது. பியோன் பார்த்துவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் பிரிக்காத காகிதக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். அக்கா குனிந்து அதை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இதுல எழுதத்தானே வந்திருக்கேன். மிதிக்கவா?"

சிலர் சிரித்தார்கள். எதிர்வரிசையில் பழைய உறுப்பினர் ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதுபோல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, இனிமேல் சபைக்குள்ளேயே கொழுந்து பறிக்கலாம் என்று சிங்களத்தில் சொன்னார். அக்காவுக்குச் சிங்களம் நன்றாக வரும். "பறிக்கலாம் மாத்தயா. கூடைய நீங்கதான் சுமக்கணும்" என்று அதே மொழியில் திருப்பிக் கொடுத்தாள். இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. கடைசி வரிசையில், மழைக்கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி நானும் நின்றிருந்தேன். கோட்டிலிருந்து தண்ணீர் என் சப்பாத்துக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதற்கு முன்னால் என்னவாக இருந்தாள் என்றால், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா. தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அறை அது. ஒரே சமயத்தில் அத்தனை பிள்ளைகளும் அழும். எந்த அழுகை பசி, எந்த அழுகை காய்ச்சல், எது சும்மா பக்கத்துப் பிள்ளை அழுவதால் வந்தது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பிறகு தொழிற்சங்கத்தில் மாதர் தலைவி. பிறகு, பெண்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, ஆள் கிடைக்காமல் வேட்பாளர் பட்டியலில் அவள் பெயரைப் போட்டார்கள். சபைக்கு வந்த பிறகு இரண்டு பெரிய கட்சிகளும் ஒன்றை ஒன்று விடாமல் இழுத்துப் பிடித்ததில், நடுவில் நின்ற இவளைத் தலைவியாக்கினால் இரண்டு பக்கத்துக்கும் கெடுதல் இல்லை என்று கணக்குப் போட்டார்கள். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்தார்கள். லயத்திலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள் அப்படித்தான் போனாள். வாசல் வழியாக இல்லை, இரண்டு சுவர்களுக்கு நடுவில் இருந்த சந்து வழியாக.

நான் பதுளை பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். தலை நரைத்த பிறகும் முதலாளிக்கு நான் "நம்ம கடைப் பையன்"தான். அக்கா பதவி ஏற்பதற்கு முதல் நாள் அவர் தானே தட்டில் ஏறி, பச்சைக் கரை போட்ட கைத்தறிச் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "நம்ம கடைப் பையனோட அக்கா நாற்காலியில உக்காரப் போகுது. நம்ம சேலையில உக்காரட்டும்" என்றார். அடுத்த கிழமை அவருடைய கடைக்கு முன்னால் உடைந்து கிடந்த வடிகாலை யாரிடம் சொல்லித் திருத்துவது என்று என்னிடம் விசாரித்தார். அது எங்கள் சபையின் எல்லையில் இல்லை என்று சொன்னேன். "தெரியும்பா. இருந்தாலும் ஒரு வார்த்தை" என்றார்.

தோட்டத்தில் அவளை யாரும் தவிசாளர் என்ற பதவிப் பெயரால் சொல்லவில்லை. வாயில் நுழையவில்லை. மேயரம்மா என்றார்கள். அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு கதை உண்டு. புதிதாக வந்த தலைவர்களுக்கெல்லாம் கொழும்பில் ஒரு பயிற்சி வைத்தார்கள். அதில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி திரையில் ஒரு கறுப்பு மனிதரின் படத்தைக் காட்டினாராம். அமெரிக்காவில் ஒரு பெரிய நகரத்துக்கு முதன்முதலாக மேயரான கறுப்பர். முன்னோர்கள் பருத்தித் தோட்டத்தில் அடிமைகள். அக்கா அந்தப் படத்தைப் போனில் பிடித்துக்கொண்டு வந்து லயத்தில் எல்லாருக்கும் காட்டினாள். சித்தி, அம்மாவின் தங்கை, போனைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"இவரும் தோட்டத்து ஆளா?"

"ஆமா சித்தி. பருத்தித் தோட்டம்."

"நம்ம பெரிய கங்காணி மாதிரியே இருக்காரு. மூக்குதான் கொஞ்சம் பரவால்ல."

"மேயரு சித்தி அவரு."

"அப்ப நீயும் மேயருதான் போ."

அதோடு பெயர் ஒட்டிக்கொண்டது. அன்று எல்லாரும் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னாள், அந்தப் பெண்மணியிடம் தான் ஒரு கேள்வி கேட்டதாக. அந்த மேயர் பிறந்த தெரு பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டாளாம். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் திரையில் அடுத்த படம் வந்துவிட்டது. "நல்ல கேள்வி" என்று மட்டும் அந்தப் பெண்மணி சொன்னாராம்.

எங்கள் தெருவுக்கு வருகிறேன். பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டோ பிடித்தால், சபை போட்ட தார் ரோட்டில் கொஞ்ச தூரம் போகும். தோட்டத்துப் பெயர்ப்பலகை நிற்கிற இடத்தில் தார் நிற்கும். கத்தியால் வெட்டினாற்போல் நிற்கும். அதற்கு அப்பால் கல்லும் சேறும். அக்கா முதல் கூட்டத்திலேயே அதைக் கேட்டாள். சபைச் செயலாளர் மரியாதையாகவே விளக்கினார். முன்பெல்லாம் தோட்டத்துக்குள்ளே சபைக் காசில் ஒரு கல்லைக்கூடப் போட முடியாது. இப்போது சட்டம் மாறிவிட்டது, போடலாம். ஆனால் காணி கம்பெனியின் கையில் இருக்கிறது, கம்பெனி சம்மதிக்க வேண்டும். அக்கா கம்பெனிக்கு எழுதினாள். திரும்ப எழுதினாள். பரிசீலிக்கிறோம் என்று வந்தது. சுற்றிலும் உள்ள ஊர்களுக்கெல்லாம் தெருவிளக்கு, கால்வாய், நூலகம் என்று அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த இடம் மட்டும் அவள் கைக்கு எட்டாத இடமாக இருந்தது. பெயர்ப்பலகை வரைக்கும் தலைவி. அதைத் தாண்டினால், லயத்தின் கோடி அறையான தொங்கல் காம்பராக்காரியின் மூத்த மகள்.

ரோட்டை விட்டுவிடலாம். சேற்றில் நடந்து பழகியவர்கள் நாங்கள். அவளைத் தூங்கவிடாமல் செய்தது ரோடு இல்லை, லயத்துக்குப் பின்னால் இருந்த மலை.

எங்கள் மேட்டு லயம் ஒரு சரிவின் இடுப்பில் உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே முன்பு தேயிலை இருந்தது. அப்பா உயிரோடு இருந்த காலத்தில் வருடா வருடம் அங்கே கான் வெட்டுவார்கள். மழைத்தண்ணீர் மலைக்குள் இறங்காமல் பக்கவாட்டில் ஓடிப்போக வழி செய்கிற வாய்க்கால் அது. பிறகு கம்பெனி அந்த மலையைக் கைவிட்டது. தேயிலை மரமாக வளர்ந்தது, காடு ஏறியது, கான்கள் தூர்ந்தன. எங்கே போகிறதென்று தெரியாமல் தண்ணீர் உள்ளே போனது. பனி விலகின நாளில் லயத்து வாசலில் நின்றால், மடக்கு மடக்காகப் போகிற மலைகளுக்கு நடுவில் மீரியபெத்தப் பக்கம் தெரியும். அங்கே மலை சரிந்து மண்ணுக்குள் போனவர்களில் அம்மாவின் வழியில் உறவுக்காரர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு மழை பெய்தால் எங்கள் லயத்தில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். காது கொடுத்துக்கொண்டு இருப்பார்கள்.

வெடிப்பு முதலில் அம்மாவின் சமையலறைச் சுவரில் ஒரு தலைமயிராக வந்தது. பிறகு தரைக்கு இறங்கி, பின்கட்டைத் தாண்டி, லயத்தின் நீளத்துக்கும் மண்ணில் ஓடியது. கை நுழைகிற அகலம். சித்தியின் கோழிக்குஞ்சு ஒன்று அதற்குள் விழுந்துவிட்டது. குச்சியை விட்டுப் பார்த்தார்கள், கயிற்றை விட்டுப் பார்த்தார்கள். ரெண்டு மூணு நாள் உள்ளே கத்திக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. அக்கா அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டாள். லயத்தை அங்கிருந்து தூக்கியாக வேண்டும், அடுத்த மழைக்கு முன்னால்.

அதற்கு ஒரு வழிதான் இருந்தது. மண்சரிவு பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, இது உடனே ஆட்களைக் கிளப்ப வேண்டிய இடம் என்று எழுத வேண்டும். அப்படி எழுதிவிட்டால் கம்பெனியின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். வேறு காணி கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு படி குறைத்து, கவனித்து வர வேண்டிய இடம் என்று எழுதினால் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். அக்கா மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு நடந்தாள், கொழும்புக்குப் பேசினாள், பார்க்க வேண்டியவர்கள் வாசலில் எல்லாம் நின்றாள். கடைசியில் நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவள் லயத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"அதிகாரி வாராரு சித்தி. நானும் அவருகூட வாரேன்."

அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று காலை நானும் கூடப் போனேன். சபையின் ஜீப்பில் அக்கா, நான், பின்னால் அதிகாரியின் வண்டி. சின்ன வயது, மெலிந்த ஆள், சிங்களவர், நல்ல மனிதர். வழியில் தேத்தண்ணிக் கடையில் இறங்கி எங்கள் எல்லாருக்கும் அவரே காசு கொடுத்தார். தார் முடிகிற இடத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அதற்கு அப்பால் தப்புச் சத்தம். ஜீப்பை நிறுத்தி அக்காவை இறக்கி, டேலியாப் பூமாலை போட்டு, நடத்தியே கூட்டிப் போனார்கள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். தங்கள் பிள்ளை ஒருத்தி அதிகாரியைப் பின்னால் நடக்க வைத்து முன்னால் நடந்து வருகிறாள். சித்தப்பா தப்பு அடித்தார். மூச்சு வாங்குகிற ஆள், அன்றைக்கு விடவில்லை.

லயத்தை நெருங்கும்போது எனக்கு முதலில் தெரிந்தது வாசனை. ஈரச் சாணம், புது மண், சுண்ணாம்பு. எங்கள் வயது ஆட்களுக்கு அந்த வாசனை தெரியும். சின்ன வயதில், தோட்டத்துத் துரை லயம் பார்க்க வருகிறார் என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் சொல்லிவிட்டால் அன்று மாலை முழுக்க இதே வாசனைதான். சுவரில் பொக்கை தெரியக் கூடாது, தரையில் வெடிப்புத் தெரியக் கூடாது, கரி தெரியக் கூடாது. தெரிந்தால் லயத்தை நாசம் பண்ணியது நீதான் என்று காம்பராவைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆகவே மண்ணைக் குழைத்து அடைத்து, சாணம் போட்டு மெழுகி, சுண்ணாம்பு அடித்து, பிள்ளைகளைக் கழுவி, வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பில் வரிசையாக நிறுத்துவார்கள். ஆள் வருகிறது என்றால் அடைக்க வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. கைக்குத் தெரியும்.

அக்கா நின்றுவிட்டாள். மாலைக்கு மேலே அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

லயம் புதிதாக நின்றது. சுவர்கள் வெள்ளை. அம்மாவின் சமையலறையில் அந்தக் கோடு இருந்த இடம் தெரியவில்லை. பின்கட்டில், வெடிப்பு ஓடிய நீளத்துக்கும் மண் கொட்டித் திமிசு போட்டு இடித்து, மேலே மெழுகி, அதன்மேல் கோலம் போட்டிருந்தார்கள். எங்கள் லயத்தில் அவ்வளவு பெரிய கோலத்தை நான் பார்த்ததில்லை. தேர்த் திருவிழாவுக்குக்கூட அப்படிப் போட்டதில்லை. சித்தியின் விரல் நுனிகளில் இன்னும் வெள்ளை இருந்தது. முதுகை நிமிர்த்த முடியாமல் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"எப்புடி மேயரம்மா? மூணு லயத்து ஆளுங்களும் சேந்து செஞ்சோம்."

"சித்தி," அக்கா மெல்லத்தான் கேட்டாள், "பொளவு எங்க?"

"அடைச்சாச்சு. நீ வாரப்ப கண்ணுல படலாமா அது?"

அதிகாரி கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். மேலே மலையில் கொஞ்ச தூரம் ஏறினார். காடு விடவில்லை, இறங்கி வந்தார். அக்கா அவரிடம் சிங்களத்தில் சொன்னாள்: இங்கே வெடிப்பு இருக்கிறது, இந்த நீளத்துக்கு, கை போகும். அவர் தலையாட்டினார். பிறகு, அது அவருடைய வேலை, லயத்து ஆட்களிடம் தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் கேட்டார்.

"இங்க வெடிச்சதா?"

பெண்கள் பிள்ளைகளின் சட்டையைச் சரிசெய்தார்கள். அவர், எங்களுக்குப் பெரியப்பா முறையான ஒருவரைப் பார்த்துத் திரும்பக் கேட்டார். பெரியப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்புடி ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் நல்லா இருக்குங்க."

"சுவர்?"

"நல்லா இருக்குங்க."

"பெரியப்பா," என்றாள் அக்கா, "உள்ளத சொல்லுங்க. இவரு தொர இல்ல. சொன்னாத்தான் நமக்கு நல்லது."

பெரியப்பா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குழப்பம் இருந்தது, கொஞ்சம் கோபமும். மாலை போட்டுக் கூட்டி வந்த பிள்ளைக்கு முன்னால், வெளி ஆளிடம், எங்கள் வீடு இடிந்து கிடக்கிறது என்று சொல்ல வேண்டுமாம். "ஒன்னைய சந்தோசமா பாக்கத்தான் பாப்பா கூப்பிட்டோம்" என்றார்.

அக்கா மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கூட்டத்தைப் பார்த்து, மண்வெட்டி கொண்டு வாருங்கள், இந்த மெழுக்கைப் பெயர்க்க வேண்டும் என்றாள். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். அதுவரை இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆரத்தி எடுத்த எடத்துல மம்பட்டி போடுவாங்களா? பொழுது சாயட்டும். நாளைக்குத் தோண்டிக்கலாம்."

"நாளைக்கு இவரு இருக்க மாட்டாரும்மா."

"அப்ப அடுத்த தடவ வரட்டும்."

அக்கா தானே போய் மண்வெட்டியை எடுத்தாள். ஓரத்தில் ஒரு கொத்துக் கொத்தினாள். கோலத்தின் ஒரு வளைவு பெயர்ந்தது. சித்தி அழ ஆரம்பித்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. கீழே இறுக இடித்த புது மண்தான் வந்தது. திரும்பக் கொத்தினாள், திரும்ப மண். அவர்கள் அவ்வளவு நன்றாக அடைத்திருந்தார்கள். அதிகாரிக்கு இன்னும் இரண்டு தோட்டங்கள் பார்க்க வேண்டியிருந்தது, பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தாமல், பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினார். நீங்கள் சொல்வதை நம்புகிறேன், ஆனால் கண்ணால் பார்த்து அளக்காததை நான் எழுத முடியாது, வீட்டுக்காரர்களே இல்லை என்கிறார்கள், மழைக்குப் பிறகு கட்டாயம் வருகிறேன். கவனித்து வர வேண்டிய இடம். அப்படித்தான் எழுதினார்.

அதற்குப் பிறகும் அவர்கள் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். அக்கா சாப்பிட்டாள். எல்லாருடைய வீட்டிலிருந்தும் வந்ததை, ஒன்றையும் விடாமல் சாப்பிட்டாள்.

மழை அந்த வருடம் முன்னாலேயே வந்தது. அக்கா மறுபடி எழுதினாள், மறுபடி பேசினாள். மழைக்குப் பிறகு என்றார்கள். அவள் தன் பொறுப்பில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி, லயத்து ஆட்களை அங்கே கொண்டுபோய் வைத்தாள். கொஞ்ச நாள் இருந்தார்கள். பிறகு மாட்டுக்குப் புல் யார் போடுவது, அடுப்பு எங்கே மூட்டுவது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்று ஒவ்வொருவராக மேலே ஏறிவிட்டார்கள். "அதுதான் அதிகாரியே வந்து பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு போயிட்டாரே" என்று ஒருவர் அவளுக்கே சொன்னார். தாங்கள் இல்லை என்று சொன்னதால்தான் அவர் அப்படி எழுதினார் என்பதைத் தங்களை அறியாமலே மறந்திருந்தார்கள்.

அம்மாவையாவது என் வாடகை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று நான் சொன்னேன். சபை அலுவலகத்துக்கு வெளியே, குடையின் கீழே நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

"கூட்டிட்டுப் போனா என்னா சொல்லுவாங்க தெரியுமா?" என்றாள் அக்கா. "மேயரம்மா ஆத்தாள மட்டும் டவுனுக்கு ஏத்திட்டான்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் நான் கூப்பிட்டா ஒருத்தரும் எறங்க மாட்டாங்க."

"சொல்லிட்டுப் போறாங்க."

"ஒனக்கு ஒரு அம்மா தம்பி. எனக்கு ஒரு லயம்."

கோபமாகத்தான் பிரிந்தோம். நான் அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா வர மாட்டேன் என்றாள். "அவ தலையில மண்ண அள்ளிப் போடச் சொல்றியா?" என்றாள். வாயில் வந்த வார்த்தை அது.

மலை இறங்கியபோது பகல். பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போயிருந்த நேரம், அதனால்தான் சாவு அவ்வளவோடு போயிற்று என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அவ்வளவோடு. நான் கடையில் ஒரு கல்யாணக் கூட்டத்துக்குக் கூறைச் சேலைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தன் வேனின் சாவியைக் கொடுத்தார். பாதை பல இடத்தில் மூடியிருந்தது. கடைசித் தூரத்தை நடந்தேன். தார் முடிகிற இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. அதற்கு மேல் சக்கரம் ஏறவில்லை. மண்ணிலிருந்து எடுத்தவர்களைச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், அந்தச் சேற்றில், ஆளை மாற்றி ஆளாக.

மேட்டு லயத்தின் நடு இல்லை. சிவப்பாக ஒரு மேடு இருந்தது, அதிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தொங்கல் காம்பரா மட்டும் ஒரு பக்கச் சுவரை இழந்து, கதவில்லாத அலுமாரிபோல் திறந்து நின்றது. உள்ளே கொடியில் அம்மாவின் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அம்மா இஸ்தோப்பில் இருந்திருக்கிறாள். சத்தம் கேட்டு இறங்கி ஓடியிருக்கிறாள். சித்தி தொழுவத்தில் இருந்தாள். சித்தப்பா உள்ளே படுத்திருந்தார். நடுக் காம்பராக்களில் வேலைக்குப் போகாத கிழவர்கள், ஒரு பிள்ளைத்தாச்சி. அக்கா அங்கே ஏற்கெனவே இருந்தாள். முழங்கால்வரை சேறு. பிள்ளைக் காம்பராவில் நின்றதுபோல் நின்றாள், எந்த அழுகை எங்கிருந்து வருகிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டு. அங்கே எந்த அழுகையும் கேட்கவில்லை. மெஷின் வர முடியாததால் மண்வெட்டியாலேயே தோண்டினார்கள். சித்தியை மறுநாள் எடுத்தார்கள். பக்கத்தில் மாடும் இருந்தது.

மிஞ்சினவர்கள் எல்லாரையும் பள்ளிக்கூடத்தில்தான் வைத்தார்கள், எந்த இடத்திலிருந்து மேலே ஏறிப் போனார்களோ அதே இடத்தில். இரண்டாம் வகுப்பு அறையில் அம்மா, கரும்பலகைக்குக் கீழே பாயில். பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு மத்தியானம் அக்கா அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்:

"நாங்க மெழுகுனதாலயா பாப்பா?"

அக்கா கரண்டியை நிறுத்தவில்லை. "மழை பேஞ்சதாலம்மா."

"அந்த அதிகாரிப் பையன் வெள்ளந்தியா கேட்டான். வெடிச்சதான்னு."

"வாயத் தெறங்க."

அம்மா வாயைத் திறந்தாள்.

வெளியே மைதானத்து ஓரத்தில் தண்ணீர்க் குழாயடியில் அக்கா பாத்திரத்தைக் கழுவினாள். நான் பக்கத்தில் நின்றேன். ஏற்கெனவே கழுவின பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். சபையில் அவளுக்கு எதிராகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். தன் ஊரையே காப்பாற்றாதவள் என்று. அதைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்தேன்.

"அந்த மேயரு தம்பி," என்றாள், "அவரு பதவிக்கு வந்த பொறகு மொத மொதல்ல பொறந்த தெருவுக்குப் போயிருப்பாருல்ல. அவங்க ஆளுங்க அன்னைக்கு வீட்டையெல்லாம் கழுவி வச்சிருப்பாங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"வச்சிருப்பாங்க," என்றாள். "ஆளு வருதுன்னா வேற என்னா செய்வாங்க."

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, கொழும்பிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. காணி பற்றி முடிவு சொல்லப் போகிறார்களாம். கீழே எங்கேயோ சமதரையில் இடம் கொடுப்பார்களா, இல்லை, மழை விட்டதும் மிச்ச லயங்களுக்கே திருப்பி அனுப்புவார்களா என்பது அவர்கள் கண்ணால் பார்ப்பதில் இருக்கிறது என்று செயலாளர் சொன்னார். அக்கா வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்: ஒன்றையும் ஒதுக்கி வைக்காதீர்கள், ஈரப் பாய் ஈரப் பாயாகவே கிடக்கட்டும், கக்கூசு வரிசை இப்படியே தெரியட்டும், கேட்டால் இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுங்கள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அவள் வாசலுக்கு அவர்களை எதிர்கொள்ளப் போனதும் எனக்குப் பின்னால் சத்தம் கேட்டது. சருக், சருக் என்று. திரும்பிப் பார்த்தேன். பாய்களை உருட்டி மூலையில் சாத்திவிட்டிருந்தார்கள். ஒருத்தி பிள்ளைக்கு மூக்கைத் துடைத்து, எண்ணெய் தொட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பெரியப்பா கூரை ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த வாளியைத் தூக்கிக் கதவுக்குப் பின்னால் மறைத்தார். நடு அறையில் அம்மா, பல நாளாக எழுந்து நிற்காத அம்மா, குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா ஓடி வந்து விளக்குமாற்றைப் பிடித்தாள். அம்மா விடவில்லை.

"குடுங்கம்மா."

"ஆளுங்க வாராங்க பாப்பா."

"அதுக்குத்தான் சொல்றேன். குடுங்க."

"எப்புடி இத அப்புடியே விடுறது?"

வெளியே வண்டிக் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா பிடுங்கி அதை ஜன்னல் வழியாக மழைக்குள் எறிந்தாள். வாளி இல்லாத இடத்தில் கூரைத் தண்ணீர் தரையில் விழுந்தது. அக்கா பெரியப்பாவிடம் போய், கதவுக்குப் பின்னாலிருந்து வாளியை எடுத்து, பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தாள். சத்தமாகச் சொட்டியது.

காலடிகள் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தன. அம்மா வாசற்படியில் குந்தி உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.